காலை ஆறு ஐந்து மாடன்

ஜூலை 25, வெள்ளி

இந்த நாளைத் தென்காசி வரலாறு மறக்காது. மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.

பகல் பதினொன்றுக்கு எங்கள் சங்கத்தின் புதுத் தலைவர் இசக்கிராஜன் என் கம்ப்யூட்டர் சென்டரைத் தேடித் தாமே நடந்து வந்தார். இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ், ஒரு லேமினேஷன் மிஷின், தட்டச்சுக்குப் பேச்சியம்மாள் என்று மொத்தம் பத்துக்குப் பதினான்கு அடியில் நான் நடத்திவரும் சாம்ராஜ்யம் அது.

"மாமா, சங்கத்துத் திருமணத் தகவல் மையம் மானத்த வாங்குது. போன வாரம் மதுரையில இருந்து ஒரு குடும்பம் வேன் பிடிச்சு மாப்பிள்ளை பாக்க வந்துச்சு. மாப்பிள்ளையே கதவத் தொறந்தாரு. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. ரெண்டும் அவரு பிள்ளைங்க."

"பட்டியல்ல என்ன போட்டிருக்கு?"

"வயது இருபத்தெட்டு, பெண் தேடுகிறார்னு இருக்கு. அத எழுதி ஒன்பது வருசமாச்சு. நீங்க அந்தப் பட்டியலக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, அது தன்னால சரிபாத்து, தன்னால புதுப்பிச்சுக்கிடுத மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?"

முடியுமாவாம்! நான் நினைத்தால் குற்றால அருவியையே கீழிருந்து மேலே விழவைப்பேன். ஆனால் என் மனம் வேறு இடத்தில் இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாக அந்த மையத்தின் பொறுப்பாளர் ஆவுடைநாயகம். பதினெட்டு ஆண்டுகளாக அவர் என் பகைவர்.

காரணத்தைச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன். 2007 ஆகஸ்டில் கடையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள். இந்த உலகில் நான் குடித்த காபிகளில் அதுவே சிறந்தது. "பிறகு சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அடுத்த சில நாட்களில் ஆவுடைநாயகம் தன் ஏட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதிவிட்டார். தன் மைத்துனனுக்காகச் செய்த சதி என்று அன்றே கண்டுகொண்டேன். மைத்துனன் பிறகு சுரண்டையில் கட்டிக்கொண்டான் என்பது உண்மைதான். ஒரு சதி பலிக்கவில்லை என்பதற்காக அது சதி இல்லை என்று ஆகிவிடுமா?

அதன் பிறகு எனக்கென்று அந்த மையத்திலிருந்து ஒரு வரன், ஒரே ஒரு வரன், வரவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு. ஊருக்கெல்லாம் மாமா.

செப்டம்பர் 14 சங்கப் பொதுக்கூட்டம். அன்று வெள்ளைத் திரையில் அந்த ஏட்டைப் போட்டுக் காட்டி, ஆவுடைநாயகத்தை அவர் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்து உருக்குவேன்.

மாலையில் மின்வாரியத்திலிருந்து மீட்டர் ரீடிங் எடுக்க வந்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்த மேடம். இது நான்காவது முறை. குறிப்பிட ஒன்றுமில்லை. மெட்டி போட்டிருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. ஷூ போட்டிருந்தார்கள். கடை பூட்டியிருந்தால் மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தன் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சீட்டை லேமினேட் செய்து மீட்டர் பெட்டிக்குள் ஒட்டினேன். மழைக்காலம் வருகிறது. பெட்டியைத் துடைத்தேன். தூசி இருந்தது. வேறு காரணம் இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஆவுடைநாயகம் வீட்டுக்குப் போனேன். மொத்தம் மூன்று ஏடுகள்: மணமகன் ஏடு, மணமகள் ஏடு, முடிந்த ஏடு. யாருக்காவது கல்யாணம் முடிவானால் முதல் இரண்டில் பெயரை அடித்துவிட்டு மூன்றாவதில் எழுதுவார்.

முதல் இரண்டையும் கொடுத்தார்.

"முடிஞ்ச ஏடு எங்க அண்ணாச்சி?"

"அது எதுக்குவே? முடிஞ்சது முடிஞ்சதுதான?"

"பட்டியல்னா முழுசா இருக்கணும்லா."

"எங்கயோ கெடக்கு. தேடணும்" என்று சொல்லிவிட்டு, பாக்கு வெட்டியில் இல்லாத பாக்கை வெட்டினார். குற்றவாளியின் கை! ஆயிரம் கைகளில் இருந்தும் பிரித்தெடுப்பேன்.

திரும்பும் வழியில் டீக்கடை சொரிமுத்து, "என்ன சிங்கப்பூராரே, கையில ஏடும் எழுத்தாணியுமா" என்றான். அந்தப் பட்டப்பெயர் பழைய கதை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 2, சனி

பேச்சியம்மாள் முந்நூற்றுப் பதினோரு பெயர்களை ஏற்றி முடித்தாள். விரல் வலிக்கிறது என்றாள்.

கண்டுபிடிப்பு: எங்கள் சமூகத்தில் யாருக்கும் வயது ஏறுவதில்லை. பிறந்த தேதி ஒரு கட்டத்தில், வயது அடுத்த கட்டத்தில். வயதைப் பதிவு செய்த நாளில் எழுதியதோடு சரி. 1981-இல் பிறந்தவன் இன்றும் இருபத்தொன்பது. தேவர்கள் அமுதம் குடிக்கக் கடலைக் கடைந்தது வீண் வேலை. ஆவுடைநாயகத்திடம் பெயர் கொடுத்திருந்தால் போதும்.

சிரித்துச் சிரித்துப் பேச்சியம்மாள் தண்ணீர் குடித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுதம் கூர்மையாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

படைத்துவிட்டேன். பெயர் மாடன். எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் பெயரைச் சும்மா வைக்கவில்லை. இவன் தூங்க மாட்டான். சுருட்டு வேண்டாம், சாராயம் வேண்டாம், மின்சாரம் போதும்.

இவன் வேலை இது. தினமும் காலை ஆறு மணிக்குப் பட்டியலின் ஒவ்வொரு வரிசையையும் பார்ப்பான். பிறந்த தேதியைக் கொண்டு வயதைத் தானே கணக்கிட்டுத் திருத்துவான். மூன்று மாதமாக யாரும் உறுதி செய்யாத வரிசை என்றால், அந்த வீட்டு போனுக்குச் செய்தி அனுப்புவான்: 'இன்னும் வரன் தேடுகிறீர்களா? ஆம் என்றால் 1. இல்லை என்றால் 2.' பத்து நாளைக்கு ஒருமுறை, மூன்று முறை கேட்பான். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வரிசை சாம்பல் நிறமாகி, 'தொடர்பற்றவர்' ஆகிவிடும்.

ஆறு ஐந்துக்கு அறிக்கை சங்க நிர்வாகிகளின் வாட்ஸப் குழுவுக்குப் போகும். ஒவ்வொரு பிழைக்கும் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: பொறுப்பாளர்: ஆவுடைநாயகம்.

அந்த ஒரு வரியை எழுதத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

5.50-க்கே எழுந்து குளித்து, திருநீறு பூசி, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

6.05. வந்தான் மாடன்.

'வரிசை 61. வயது 29 என்று உள்ளது. சரியான வயது 44. பொறுப்பாளர்: ஆவுடைநாயகம்.
வரிசை 62. வயது 26 என்று உள்ளது. சரியான வயது 38. பொறுப்பாளர்: ஆவுடைநாயகம்.'

இப்படி இருநூற்று ஆறு. குழுவில் முப்பது பேர். முதலில் இசக்கிராஜன் ஒரு கும்பிடு போட்டார். பொருளாளர் கண்ணீர் விட்டுச் சிரிக்கும் பொம்மை போட்டார். ஆவுடைநாயகம் பார்த்துவிட்டார் என்பதற்கு நீலக் கோடு இரண்டு.

அந்த இரண்டு நீலக் கோடுகளைப் போல் அழகான ஓவியத்தை எந்த மன்னனின் அரண்மனையும் கண்டதில்லை. இட்லி பதினொன்று தின்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

போரில் பொதுமக்களும் பாதிக்கப்படுவார்கள்.

கடைக்குள் செல்லக்கனி அக்கா புயல் போல வந்தார். கையில் போன்.

"எய்யா குத்தாலம், ஒரே ராத்திரியில எம்பிள்ளைக்கு ஏழு வயசக் கூட்டிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"அக்கா, நான் கூட்டல. வருசம் கூட்டிச்சு."

"இருபத்தொன்பதுன்னு இருந்த வரைக்கும் நாளுக்கு ஒருத்தன் போன் போட்டான். முப்பத்தாறுன்னு ஆன பெறவு ஒரு காக்கா கூப்பிடல."

"அந்த நாளுக்கு ஒருத்தன்ல யாராவது உண்மை தெரிஞ்ச பெறவு நின்னானாக்கா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "ஒருத்தனும் நிக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்கும் ஆவுடைநாயகம்தான் காரணம். இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எதிரியே கோட்டைக்கு வந்தான்.

ஆவுடைநாயகம் படியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒருநா ரெண்டுநான்னா சரி. தெனமும் விடியக்காலம் என் பேரக் கொட்டை எழுத்துல போடுதீரே. எம் பொஞ்சாதி அத வாசிச்சிட்டுத்தான் எனக்குக் காப்பி தாரா."

"தப்பு இருக்கிற வரைக்கும் மாடன் போடுவான் அண்ணாச்சி. ஆமா, கல்யாணம் முடிஞ்சிட்டுன்னு யாரோ வந்து சொன்னா, ஒரு வார்த்தை விசாரிக்காம எப்படி முடிஞ்சதுன்னு எழுதுவீரு?"

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மங்கல சேதிய எவனாவது சரிபாப்பானாவே? 'எம் மகளுக்கு முடிஞ்சிட்டு'ன்னு ஒரு தகப்பன் வந்து நிக்கான். நெசமான்னு கேட்டா அபசகுனம் இல்லையா? வாயக் கழுவுன்னு அடிக்க வருவான். சொன்னா எழுதணும். சொன்னது யாருங்கிறதயும் பக்கத்துல எழுதிருவேன். அதான் முறை."

"அப்புறம் அது நின்னு போச்சுன்னா?"

"நின்னு போனத எவன் வந்து சொல்லுவான்? சொன்னாலும் அத எழுதலாமா?"

புரிகிறதா? இந்தப் பட்டியலில் கதவு மூடும், திறக்காது. ஊரில் இப்படி எத்தனை பேர், நடக்காத கல்யாணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்களோ!

"அண்ணாச்சி, முடிஞ்ச ஏட்டக் கொடும்."

"அது வேண்டாம்வே குத்தாலம். உம்ம நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

என் நல்லதுக்காம். பசுத்தோல் போர்த்தியிருந்தாலும் புலி, பல் குத்தும்போது மாட்டிக்கொள்ளும்.

சொன்னது யார் என்று எழுதியிருக்கிறாராமே! அதுதான் எனக்கு வேண்டும். 'தகவல்: என் மைத்துனன்.' அந்த ஒரு வரி திரையில் விழ வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாடனுக்குப் புது உத்தரவு. இனி அறிக்கையின் தலைப்பு வரி தினமும் இது: 'முடிந்த ஏடு இன்னும் வரவில்லை. நாள் 21. பொறுப்பாளர்: ஆவுடைநாயகம்.'

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாள் 27. நீலக் கோடு இரண்டு.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாள் 36. சொரிமுத்து கடையில் அண்ணாச்சிக்கு எல்லோரும் "நாள் முப்பத்தாறு" என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஒரு பட்டப்பெயர் எப்படிப் பதினெட்டு வருடம் ஒட்டிக்கொள்ளும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

மீட்டர் பெட்டியைச் சும்மா திறந்து பார்த்தேன். சீட்டு நன்றாக ஒட்டியிருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

வென்றேன்! நாள் நாற்பது. நான் சாப்பிடப் போயிருந்தபோது ஆவுடைநாயகம் வந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய முடிந்த ஏட்டைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "அவன் முதல்ல தனியா வாசிக்கட்டும். பெறவு ஏத்து" என்றாராம்.

தனியாக வாசிப்பதா? ஊரே வாசிக்கட்டும். பேச்சியம்மாளை உடனே தட்டச்சு செய்யச் சொன்னேன். நான் பொதுக்கூட்டத்துப் பேச்சை எழுத உட்கார்ந்தேன். நாற்பது நிமிடப் பேச்சு. ஒன்பது இடத்தில் கைதட்டலுக்கு நிறுத்தியிருக்கிறேன்.

மாடனுக்கும் முடிந்த ஏட்டுக்கென்று தனி விதி எழுதினேன். 'உங்களுக்குத் திருமணம் முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. சரி என்றால் 1. இல்லை என்றால் 2.' அறிக்கையில் பொறுப்பாளர் பெயருக்குப் பதில், பொய் சொன்னவன் முகமூடி கிழியும்படி, தடித்த எழுத்தில் 'தகவல் தந்தவர்'.

ஆறு மணிக்குப் பேச்சியம்மாள் முடித்தாள். ஏதோ சொல்ல வந்தாள்.

"மாமா, முந்நூத்தி எண்பத்தெட்டாவது வரிசைய ஒரு தடவ..."

"நாளைக்கு மாடன் சொல்லுவான், போ தாயி."

போகும்போது மீட்டர் பெட்டியை எதற்கோ திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

6.00-க்கு என் போன் அடித்தது. அறிக்கை வர இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று எடுத்தேன்.

'திரு. குத்தாலிங்கம், உங்களுக்குத் திருமணம் முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. சரி என்றால் 1. இல்லை என்றால் 2.'

6.05. முப்பது பேருக்கும் போன அறிக்கை:

'வரிசை 388. குத்தாலிங்கம், தென்காசி. முடிந்தது, 14.8.2007. பெண் சிங்கப்பூர். தகவல் தந்தவர்: குத்தாலிங்கம், டீக்கடையில் நேரில்.
வரிசை 389. உலகம்மை, கடையம். முடிந்தது, 16.8.2007. தகவல் தந்தவர்: பெண்ணின் தகப்பனார். காரணம்: பார்த்துச் சென்ற மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டதால்.'

இன்று இட்லி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

நாட்குறிப்பில் பொய் எழுதினால் அது நாட்குறிப்பு இல்லை, சங்க மலர். ஆகவே எழுதுகிறேன்.

பெண் பார்த்து வந்து ஒன்பது நாள் ஆகியும் கடையத்திலிருந்து சொல்லி அனுப்பவில்லை. பத்தாம் நாள் சொரிமுத்து கடையில் நாலு பேர் முன்னால், "என்னவே, பதிலக் காணும்?" என்று கேட்டார்கள். எனக்குச் சிங்கப்பூரில் ஒரு பெண் முடிவாகிவிட்டது என்றேன். அவள் அப்பாவுக்கு இரண்டு கப்பல் என்றேன். கப்பலை மூன்றாக்கியது சொரிமுத்து, நான் மறுக்கவில்லை. பெஞ்சின் மறுமுனையில் ஆவுடைநாயகம் வடை தின்றுகொண்டிருந்தார். முறைப்படி வீட்டுக்குப் போய் எழுதிவிட்டார். இருபத்தாறு வருடத்தில் அந்த மனிதர் ஒரு தகவலை அன்றைக்கே புதுப்பித்தது அந்த ஒரே முறைதான்.

இரண்டு நாள் கழித்து, சம்மதம் சொல்ல உலகம்மையின் அப்பா ஆவுடைநாயகம் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஏட்டில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. "நாங்க மட்டும் காத்துக்கிட்டா கெடக்கோம்? எம்பிள்ளைக்கும் முடிஞ்சிட்டுன்னு எழுதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவளுக்கு 'முடிந்தது' என்று எங்கள் வீட்டுக்குச் சேதி வந்தது அதன் பிறகுதான். நான் வரிசையை மாற்றி ஞாபகம் வைத்திருந்தேன், பதினெட்டு வருடம்.

மின்வாரிய மேடத்தின் கழுத்தில் தொங்கும் அட்டையில் என்ன பெயர் என்று யாராவது கேட்டால்: உலகம்மை. முதல் முறை வந்தபோதே வாசித்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

6.05. 'வரிசை 389. உலகம்மை. பதில்: 2. திருமணம் நடக்கவில்லை. மணமகள் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. வயது 47.'

பேச்சியம்மாளிடம் கேட்டேன். ஏட்டில் இருந்தது மேடத்தின் அப்பாவின் பழைய எண். மாடன் செய்தி அனுப்பிய எண் எங்கிருந்து வந்தது?

"லேமினேட் பண்ணி மீட்டர் பெட்டிக்குள்ள ஒட்டி வச்சிருந்தீயளே மாமா. பட்டியலப் புதுப்பிக்கணும்னு நீங்கதான சொன்னீய?"

இவளை வேலையை விட்டு நீக்கவேண்டும். சம்பளத்தை உயர்த்தவேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்யவில்லை.

என் செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. வேலை அதிகம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பொதுக்கூட்டம். இருநூறு பேர். திரை, மைக், கேசரி. நாற்பது நிமிடப் பேச்சு பையில் இருந்தது. முன்வரிசையில் ஆவுடைநாயகம், மடியில் குடை.

திரையில் 388-ஐப் போட்டேன். "இந்த ஏட்டுல ஒரு பெரிய பிழை இருக்கு. தகவல் தந்தவன் பொய்யன். எழுதுனவரு மேல தப்பில்ல" என்றேன். பேச்சு முடிந்தது. கைதட்டலுக்கு நிறுத்தியிருந்த ஒன்பது இடமும் சிரிப்பாகப் போயிற்று. பின்னாலிருந்து ஒரு குரல், "மூணு கப்பலும் எங்கவே நிக்கி?" சொரிமுத்துவேதான்.

ஆவுடைநாயகம் எழுந்தார். மன்னிப்பார் என்று எதிர்பார்த்தேன். பழிவாங்குவது எனக்கு மட்டுமா தெரியும்?

"நாலு வாரமா எம்பேரு விடியக்காலம் வந்துச்சு. நான் ஏட்டக் கொடுக்காம இருந்தது இவனுக்கு இந்தக் கேவலம் வரக்கூடாதுன்னுதான். சரி, வந்தாச்சு. ஒரே ஒரு தீர்மானம் போடுங்க. இனிமே குத்தாலிங்கம் தன்னப் பத்திச் சொல்லுத எந்தத் தகவலையும், இன்னொரு ஆளு சரின்னு சொல்லாம பட்டியல்ல ஏத்தக் கூடாது."

இருநூறு கைகளும் உயர்ந்தன. பேச்சியம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். அந்த விதியை மாடனுக்குள் எழுதவேண்டியவனும் நானே. தன் தூக்குக்கயிற்றைத் தானே திரிப்பவன்கூட இப்படிக் கூலியில்லாமல் திரித்திருக்கமாட்டான்.

நானும் சும்மா விடவில்லை. நிர்வாகிகள் பட்டியலில் ஆவுடைநாயகத்தின் வயது ஐம்பத்தெட்டு என்று இருந்தது. மாலைக்குள் எழுபத்தொன்று ஆக்கிவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

மாடன் என்னிடம் இரண்டாம் முறை கேட்டான். நான் பெற்ற பிள்ளை என்னையே மிரட்டுகிறது. இன்னும் ஒரு முறைதான். 27-ஆம் தேதி. அதற்கும் பேசாமல் இருந்தால் நான் சாம்பல்.

செப்டம்பர் 18, வியாழன்

கடையநல்லூரிலிருந்து ஒரு உர வியாபாரி போன் செய்தான். மனைவி இறந்து நாலு வருடமாம். "389-ஆம் வரிசையைப் பத்தி விவரம் வேணும்."

"அந்த வரிசையில தொழில்நுட்பக் கோளாறு" என்றேன்.

"எப்ப சரியாகும்?"

"பதினெட்டு வருசம் ஆகும்" என்று வைத்துவிட்டேன்.

அவன் கடையில் உள்ள யூரியா எல்லாம் உப்பாகப் போகட்டும். ஆவுடைநாயகத்துக்காகச் சேர்த்துவைத்த கோபம் முழுவதும் இனி இவனுக்கு.

செப்டம்பர் 22, திங்கள்

உர வியாபாரி மறுபடி. கோளாறு தொடர்கிறது.

செப்டம்பர் 25, வியாழன்

மூன்றரை மணி. நீலக் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்கள். பேச்சியம்மாளுக்குத் திடீரென்று தபால் ஆபீஸில் வேலை வந்துவிட்டது.

மீட்டர் பெட்டியைத் திறந்தார்கள். தன் கையெழுத்து கண்ணாடி போல் மின்னுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு எண்ணைக் குறித்தார்கள்.

"யூனிட் கூடியிருக்கே சார். ராவும் பகலும் ஏதும் ஓடுதா?"

"மாடன் ஓடுதான் மேடம்."

"அவருதான் எனக்கு மெசேஜ் போட்டவரா?"

"அவன்தான்."

"நான் பதில் போட்டுட்டேன். அவர வச்சிருக்கவரு போட்டாச்சா?"

"யோசிச்சிட்டு இருக்காரு."

"சிங்கப்பூர்ல கேட்டுச் சொல்லணுமோ?"

ஆயிரம் மேடைகளில் பேசிய நாக்கு இது. சரி, ஆயிரம் இல்லை, நான்கு. மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் கையிலிருந்த கருவியை மூடினார்கள். "எங்க வேலையில ஒரு வழக்கம் இருக்கு. ரீடிங் எடுக்கப் போறப்ப ஆளு இல்லைன்னா 'கதவு பூட்டு'ன்னு போட்டுட்டுப் போயிருவோம். திரும்பப் போவோம். அப்பவும் பூட்டுன்னா இன்னொரு தடவ. அதுக்கு மேல போக மாட்டோம்."

"எத்தன தடவ ஆயிருக்கு மேடம்?"

"எங்கப்பா வந்தது ஒரு தடவ. மெசேஜ் ஒரு தடவ." குடையை எடுத்தார்கள். "இன்னைக்கு மூணு."

"அன்னைக்கு..." என்றேன். "அன்னைக்குக் காப்பியில சர்க்கரை இல்ல."

"தெரியும். பயத்துல மறந்துட்டேன். நீங்க ஒரு சொட்டு வைக்காமக் குடிச்சியளே, அதப் பாத்துத்தான் அப்பாகிட்ட சரின்னேன்."

படியிறங்கிப் போனார்கள். ஷூ சத்தம் முக்கு திரும்பும் வரை கேட்டது.

போனை எடுத்து 2 போட்டேன். மாடன் உடனே திருப்பினான்: 'குத்தாலிங்கம் தந்த தகவலை உறுதி செய்ய இன்னொருவரின் எண் தேவை.' பாழாய்ப்போன ஆவுடைநாயகத்தின் தீர்மானம். இசக்கிராஜன் எண்ணைக் கொடுக்கலாம். சொரிமுத்து எண்ணைக் கொடுக்கலாம்.

மீட்டர் பெட்டியைத் திறந்து, லேமினேட் செய்த சீட்டைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். பார்க்காமலே தெரியும். ஆனாலும் பார்த்து அடித்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

6.05.

'வரிசை 388. குத்தாலிங்கம். வயது 52. பதில்: 2. திருமணம் நடக்கவில்லை. தகவல் தந்தவர்: குத்தாலிங்கம். சரிபார்த்தவர்: உலகம்மை, வரிசை 389.'

நீலக் கோடு முப்பது பேருக்கும் விழுந்தது. முதல் பதில் ஆவுடைநாயகம்: 'ரெண்டு பேருக்கும் முடிஞ்சதுன்னு நான் எழுதலாமா, இல்ல இதையும் சரிபாக்கணுமாவே?'

இந்த மனிதரை ஒருநாளும் மன்னிக்கமாட்டேன். நாளைக் காலை அவர் வீட்டுக்கு நேரில் போய், அவர் மனைவி கையால் காபி குடித்துக்கொண்டே மன்னிக்காமல் இருப்பேன்.

மீட்டர் பெட்டியைத் துடைத்தேன். தூசி இல்லை.